இரண்டு லட்சம் வாக்கு முந்தியும் கைநழுவிய ஆட்சி: 1951 பிரிட்டன் தேர்தல்

1951 அக்டோபர் 25 அன்று நடந்த பிரிட்டன் பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி 1 கோடியே 39 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. 1992 வரை அந்த நாட்டில் வேறெந்தக் கட்சியும் அத்தனை வாக்குகளை வாங்கியதில்லை. ஆனாலும் அக்கட்சியின் பிரதமர் அட்லி பதவியிலிருந்து இறங்கினார். சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் வாக்குகள் பின்தங்கிய சர்ச்சிலின் கன்சர்வேடிவ் அணி, 625 இடங்களில் 321 இடங்களைப் பிடித்து ஆட்சியமைத்தது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 295. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு இமாசல மலைப்பகுதியில் தொடங்கியதும் அதே நாளில்தான். தொகுதிதோறும் அதிக வாக்கு பெற்ற ஒருவரே வெல்லும் அதே தொகுதி முறையைத்தான் நாமும் ஏற்றுக்கொண்டோம் என்பதால், இந்தத் தேர்தலை அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் என்னால் படிக்க முடிவதில்லை.

சில வாரங்களாக இதன் முடிவுகளைப் பகுதிவாரியாகப் பிரித்து, கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதிவருகிறேன். அப்படி எழுதும்போதுதான் மொத்தக் கணக்கு மறைத்துவிடுகிற விஷயம் கண்ணில் படுகிறது. டர்ஹாம், தென் வேல்ஸ், யார்க்‌ஷயர் ஆகிய சுரங்கப் பகுதிகளில் தொழிற்கட்சிக்கு வாக்குகள் மலைபோல் குவிந்தன. ஆனால் ஒரு தொகுதியில் முப்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் முந்நூறில் வென்றாலும் கிடைப்பது ஓர் இடம்தான். 1950 தேர்தலில் 475 வேட்பாளர்களை நிறுத்தி, அவர்களில் 319 பேர் டெபாசிட்டைப் பறிகொடுத்ததால் நொடித்துப்போன லிபரல் கட்சி, இம்முறை 109 பேரை மட்டுமே நிறுத்தியது. போட்டியிட ஆளில்லாத தொகுதிகளில் திசை தெரியாமல் நின்ற லிபரல் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தார்கள். வாக்கு வித்தியாசம் குறைவாக இருந்த தொகுதிகளில் அதுவே முடிவைத் தீர்மானித்தது என்பது என் கருத்து.

என்னை அதிகம் நிறுத்திவைத்த பகுதி வேல்ஸ். அங்கே உள்ள 36 இடங்களில் தொழிற்கட்சி 1950-இலும் 27, 1951-இலும் 27. எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். உண்மையில் பாரி, கான்வே ஆகிய இரண்டையும் அது கன்சர்வேடிவ்களிடம் இழந்து, ஆங்கிள்சீ, மெரியோனெத் ஆகிய இரண்டையும் லிபரல்களிடமிருந்து பறித்திருந்தது. ஆங்கிள்சீ தீவின் உறுப்பினராக 1929 முதல் இருந்தவர், முன்னாள் பிரதமர் டேவிட் லாய்ட் ஜார்ஜின் மகள் மெகன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் வசம் இருந்த அந்தத் தொகுதியை, முந்தைய இரண்டு தேர்தல்களில் தன்னிடம் தோற்றிருந்த கிளெட்வின் ஹியூஸிடம் அவர் 595 வாக்குகளில் இழந்தார். கன்சர்வேடிவ் வேட்பாளரும் களத்தில் இருந்தார்; அவர் பெற்றது ஆறாயிரத்துக்கும் மேல். பின்னாளில் மெகன் தொழிற்கட்சியிலேயே சேர்ந்து, 1957-இல் கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் நாடாளுமன்றம் சென்றார் என்பதை நினைத்தால், தோற்ற அந்த இரவு அவருக்கு எத்தனை கனமாக இருந்திருக்கும் என்று மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் 71 இடங்களில் இரு பெரிய அணிகளுக்கும் தலா 35. எஞ்சிய ஒன்று, வடகோடித் தீவுகளான ஆர்க்னி–ஷெட்லாண்ட், லிபரல் கட்சியின் ஜோ கிரிமண்டுக்குப் போனது. கன்சர்வேடிவ்கள் சொற்ப இடங்களே வெல்லும் இன்றைய ஸ்காட்லாந்தை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நம்புவது கடினம்.

வட இங்கிலாந்தில் நடந்தது தொகுதி உடன்பாடு. போல்ட்டன் மேற்கிலும் ஹடர்ஸ்ஃபீல்ட் மேற்கிலும் கன்சர்வேடிவ்கள் ஒதுங்கிக்கொள்ள, அதே ஊர்களின் கிழக்குத் தொகுதிகளில் லிபரல்கள் போட்டியிடவில்லை. நாடு முழுவதும் லிபரல்கள் வென்ற ஆறு இடங்களில் இரண்டு இப்படிக் கிடைத்தவை.

வட அயர்லாந்தின் கதையே தனி. மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் 1950-இல் வென்ற, கன்சர்வேடிவ் அணியைச் சேர்ந்த யூனியனிஸ்ட் கட்சி உறுப்பினர், திருச்சபைப் போதகர் என்பதால் தகுதியிழந்தார். இடைத்தேர்தலில் அதே கட்சியின் தாமஸ் டீவன் வென்றார். 1951-இல் அயர்லாந்துத் தொழிற்கட்சியின் ஜாக் பீட்டி அவரை 25 வாக்குகளில் வீழ்த்தினார். பதிவானவை 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். ஒரு தெருவில் சில வீட்டார் மனம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும்.

அதே வட அயர்லாந்தின் 12 தொகுதிகளில் நான்கில் யூனியனிஸ்ட்கள் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அங்கே வாக்குப்பதிவே இல்லை. அந்த நான்கு இடங்களும் சர்ச்சில் அணியின் 321-இல் அடங்கியிருக்கின்றன. ஆனால் அங்குள்ள யூனியனிஸ்ட் ஆதரவாளர்களில் ஒருவர்கூட அந்த அணியின் வாக்குக் கணக்கில் இல்லை. அங்கும் பெட்டி வைத்திருந்தால் தொழிற்கட்சியின் 2 லட்சத்து 30 ஆயிரம் முன்னிலை நிச்சயம் சுருங்கியிருக்கும். ஆகவே என் நோட்டில் அந்த நான்கு தொகுதிகளுக்கு நேரே இடத்தை மட்டும் குறித்துவிட்டு, வாக்குக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.