திவினா ஆற்றுமுகம், இரண்டுக்கு மூன்றடிப் பலகையில்: மூன்றாவது மாதம்

ஆர்க்காங்கெல்ஸ்க் பலகையில் இந்த வாரம் ஒருவழியாக ஆறு வந்துவிட்டது, அதாவது தண்ணீருக்காகக் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசினை ஊற்றி முடித்துவிட்டேன். ரஷ்யாவின் வடக்கே, வட திவினா ஆறு வெண்கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற பழைய துறைமுக ஊர் இது. ஹோல்மகோரி என்ற ஊரிலிருந்து கடல் வரைக்குமான ஆற்றின் கடைசி நூறு கி.மீ. சொச்சத்தை, ஒரு சென்டிமீட்டருக்கு 2 கி.மீ. என்ற கணக்கில் பிளைவுட் பலகையில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதல் மாதம் முழுக்க மேடு பள்ளத்திலேயே போனது. எனக்கு மலைப்பகுதி மாடல் செய்துதான் பழக்கம், இங்கே மலையே கிடையாது. 30 மீட்டர் மேடு இந்த அளவில் 0.15 மி.மீ. தான் வரும், ஒரு சார்ட் பேப்பரின் கனம்கூட இல்லை. சரி என்று உயரத்தை மட்டும் 40 மடங்கு பெருக்கி, 10 மீட்டருக்கு ஒரு 2 மி.மீ. அட்டை என்று அடுக்கி ஒட்டினேன். இல்லாத மலையெல்லாம் முளைத்து நின்றது, பார்க்கவே மனசு ஒப்பவில்லை. அத்தனையையும் பிய்த்தெடுத்துவிட்டேன். அங்கே நிலம் என்பது பெரும்பாலும் சதுப்பு, பாசியும் வேரும் மக்காமல் ஊறிக் கிடக்கிற கருஞ்சேறு. பழைய மரவீடுகளை அந்தச் சேற்றில் மரக்கம்பங்கள் இறக்கித்தான் கட்டினார்கள், இப்போது கம்பங்கள் உளுத்து வீடுகள் சரிந்து உட்காருகின்றன. அதனால் நிலத்தைத் தட்டையாகவே விட்டுவிட்டு, தண்ணீரின் ஆழத்தைக் குடைவது என்று முடிவு செய்தேன். கப்பல் போகிற தடத்தை ஆழமாகவும், மற்றக் கிளைகளை லேசாகவும் சின்ன டிரில்லில் குடைந்தேன்.

அதைச் செய்ததும்தான் ஊரின் கதை எனக்குப் பிடிபட்டது. வருடங்களை எழுதிய குண்டூசிகளைக் குத்திக்கொண்டே வந்தபோது துறைமுகம் ஆற்றோடு நழுவி நழுவிக் கடல் பக்கம் போவது கண்ணுக்கு எதிரே தெரிந்தது.

முதல் ஊசி மட்டும் கடலோரத்தில். 1553இல் வடகிழக்கு வழியாகச் சீனாவுக்குப் போகப் புறப்பட்ட மூன்று ஆங்கிலக் கப்பல்களில் ரிச்சர்ட் சான்சலரின் கப்பல் தனியாகப் பிரிந்து திவினா முகத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் அங்கிருந்து மாஸ்கோவுக்குப் போய் ரஷ்ய மன்னர் நான்காம் இவானைப் பார்த்தார். தலைவராக வந்த ஹியூ வில்லோபியும் மற்ற இரண்டு கப்பல்களில் இருந்தவர்களும் கோலா கரையில் குளிர்காலத்தில் மாட்டி ஒருவர்கூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம் மீனவர்கள்தான் கப்பல்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் என் பலகைக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறது, ஆனாலும் வடமேற்கு மூலையில் ஒரு கறுப்பு ஊசி குத்தியிருக்கிறேன், அதை விட மனசு வரவில்லை.

அப்புறம் வந்த ஆங்கிலக் கப்பல்கள் புனித நிக்கோலஸ் மடத்துக்கு எதிரே கடலோரத்தில் நங்கூரம் போட்டன. சரக்கைப் படகுகளில் ஏற்றி ஹோல்மகோரிக்குக் கொண்டுபோனார்கள். அது இன்றைய ஊருக்குச் சுமார் 75 கி.மீ. மேலே, ஆற்றுவழிச் சந்தை ஊர். அவ்வளவு உள்ளே பெரிய கப்பல் வராது. அதனால் 1584இல், இவானின் உத்தரவுப்படி, பூர்-நவோலோக் என்ற முனையில் அதிதூதர் (ரஷ்ய மொழியில் அர்க்காங்கெல்) மிக்கேல் மடத்தைச் சுற்றி மரக்கோட்டை எழுப்பினார்கள். முதலில் புது ஹோல்மகோரி என்று பெயர், 1613இல் மடத்தின் பெயரே ஊருக்கு வந்தது. அடுத்த ஊசி சொலம்பலா, ஊருக்குக் கொஞ்சம் கீழே, குஸ்னெச்சிஹா என்ற கிளை பிரித்து வைத்திருக்கிற தீவு. பலகையில் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. 1693இல் முதலாம் பீட்டர் வந்து அங்கே கப்பல் கட்டும் தளம் போட்டார். அதே பீட்டர்தான் 1703இல் பீட்டர்ஸ்பர்க்கைத் தொடங்கி, பிறகு வணிகத்தையும் ஆணை போட்டு அங்கே திருப்பிவிட்டு இந்த ஊரைப் பட்டினி போட்டார். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். 1762இல் இரண்டாம் கேத்தரின் வந்துதான் அந்தத் தடைகளை எடுத்தார்.

பிறகு மரம் அறுக்கும் ஆலைகள் மைமாக்சா கிளையோரம் வரிசையாக வந்தன. முதல் உலகப்போரில் இன்னும் கீழே எகனோமியா துறை. கடைசி ஊசி செவரோத்வின்ஸ்க். 1936இல் கப்பல் கட்டும் ஊராக எழுந்து, 1957இல் சோவியத்தின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியைத் தண்ணீரில் இறக்கிய ஊர். அந்த ஊசியைக் குத்தப் போனபோது இடமில்லை. ஆங்கிலேயர்கள் நங்கூரம் போட்ட மடத்து ஊசி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது, அதே இடம்தான். கொஞ்ச நேரம் கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி நிறம். முதலில் கடல்நீலம் அடித்தேன், தப்பு. செயற்கைக்கோள் படங்களில் திவினா தண்ணீர் பழுப்பாக இருக்கிறது, சதுப்பின் சாறு இறங்கி இறங்கி அந்த நிறம். நீலத்தைச் சுரண்டிவிட்டு, ரெசினில் பழுப்பு இங்க்கைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, தண்ணீர் கொஞ்சம் கூடின காபி டிகாக்ஷன் நிறம் வரும்வரை பார்த்தேன். 100 மில்லிக்கு நான்கு சொட்டு சரியாக இருந்தது. ஆற்றுமுகத்துக்கு வெளியே இரண்டு சொட்டாகக் குறைத்து, கடலில் பழுப்பு கரைந்துபோகிற மாதிரி பிளாஸ்டிக் ஸ்பூனின் பின்பக்கத்தால் இழுத்துவிட்டேன். அந்த இடம் மட்டும் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. ஊற்றிய அன்றைக்கு மழை, காற்றில் ஈரம். மைமாக்சா பக்கம் ஒரு கையகலத்துக்கு ரெசின் வெளுத்துப்போய்விட்டது. காய்ந்த பிறகு 1000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே இன்னொரு பூச்சு கொடுத்ததில் பாதிக்குமேல் தெளிந்தது.

மேலே வைக்கத் தனியாகப் பனித்தகடு ஒன்று வெட்டிக்கொண்டிருக்கிறேன், மெல்லிய அக்ரிலிக்கில். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, வசந்தத்தில் மேல்பக்கம் முதலில் உருகிவிடும், கீழ்ப்பக்கம் இன்னும் கெட்டியாகவே கிடக்கும், வருகிற பனிப்பாளங்கள் முட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் சொலம்பலாவில் ஏறிவிடும். அதனால்தான் அங்கே முன்கூட்டியே பனியுடைக்கும் கப்பல்களை விட்டு உடைக்கிறார்கள். இதைவிட நாலு பாகைக்கு மேல் வடக்கே இருக்கிற மூர்மன்ஸ்க் மட்டும் குளிர்காலத்திலும் உறையாது, அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொடுகிறது. குறுகலான வாய்க்கு உள்ளே இருக்கிற வெண்கடலுக்கு அந்தச் சூடு வந்து சேருவதில்லை. 1916இல் புதிதாக ஒரு துறைமுகத்தை மூர்மன்ஸ்கில் போய்க் கட்டியதற்கு இதுதான் காரணம்.

மிச்சம் இருப்பது ரயில். தெற்கே வோலக்தா என்ற ஊரிலிருந்து வந்த, அகலம் குறைந்த ரயில்பாதை 1898இல் திறந்தபோது இடது கரையிலேயே நின்றுவிட்டது, ஊர் வலது கரையில். பாலம் வந்தது 1964இல். தண்டவாளத்துக்கு ஒட்டிய கறுப்பு நூலும் இப்போதைக்கு இடது கரையில்தான் நிற்கிறது, நுனி சுருண்டு. பாலத்துக்குத் தீக்குச்சி கனமாகத் தெரிகிறது, தென்னங்குச்சியைச் சீவிப் பார்க்க வேண்டும்.