அஷ்டமி நவமியில் ஆறு, விடியலில் மலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்தில் வளர்ந்த யாருக்கும் ஜெராய் மலையைத் தெரியாமல் இருக்காது. தோட்டத்தில் பெரியவர்கள் காலையில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால், மழை விழுமுன் மரத்து மங்குகளில் வடிந்த ரப்பர் பாலைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுவார்கள். ஆனால் அந்த மலையில் ஏறியவர்கள் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிகக் குறைவு. மெர்போக் ஆறோ இன்னும் தூரம். பேருந்து செமிலிங்கைக் கடக்கும்போது சன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்த மலையில் ஏறவும் அந்த ஆற்றில் துடுப்புப் படகு ஓட்டவும் பழகும் ஒரு சிறு குழுவில் இப்போது நானும் இருக்கிறேன். சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற ஒரு கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா, ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், பிள்ளைகள் வளர்ந்து கொஞ்சம் நேரம் கிடைத்த என்னைப் போன்ற பெண்கள். மலையும் ஆறும் மாறி மாறி வரும். இதுவரை என்ன பழகினோம், எது கைவந்தது, எது இன்னும் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். சேர நினைப்பவர்களுக்கு உதவும்.

மலைப் பக்கம்

புதிதாக வருகிற யாரையும் நேராக ஜெராய்க்குக் கூட்டிப் போவதில்லை. முதலில் செம்பனைத் தோட்டத்து மண் பாதைகள். நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு ஞாயிறு காலையில் நடப்போம். ஏற்ற இறக்கம் உண்டு, நிழல் உண்டு, யாருக்காவது முடியவில்லை என்றால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ள வழியும் உண்டு. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம் என்று குழுத் தலைவர் அண்ணன் சொல்வார். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதை உடம்பு புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகு ஏற்றம் பயமுறுத்துவதில்லை.

காலணி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் போடுவது 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லோரும் சொல்கிற கறுப்பு ரப்பர் காலணி. அம்மா இதைப் போட்டுக்கொண்டுதான் பால் மரம் சீவப் போனார். அடியில் குமிழ் குமிழாக இருப்பதால் ஈர மண்ணில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே தங்காது, கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். விலையுயர்ந்த மலையேற்றக் காலணி வாங்கிய சிலர்கூட மழைக்காலத்தில் இதற்கு மாறிவிட்டார்கள். ஒன்று மட்டும்: உள்ளே மெத்தை கிடையாது. தடித்த காலுறை போட்டு, அதற்கேற்ப ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கல் நிறைந்த நீண்ட இறக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், விரல் நுனி நோகும்.

ஜெராயின் உயரம் 1217 மீட்டர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பதால் நம் இலக்கு அதற்குக் கீழேதான். குரூண் பக்கமிருந்து தார்ச்சாலை மேலே போகிறது. காட்டுப் பாதைகளும் உண்டு, அவற்றுக்கு வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் வேண்டும். எங்கள் முதல் ஏற்றம் சாலை வழியாகத்தான். சாலை என்று லேசாக நினைக்க வேண்டாம், வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே இருக்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதியை வைத்துக்கொள்கிறோம். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அவர் குளிர்நாட்டுக்காரர். நம் ஊர் வெக்கைக்கு அதில் பாதியாவது கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் அனுபவம். அதனால்தான் விடியுமுன் கிளம்புகிறோம். மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பதை வேர்வை காய்வதிலேயே உணரலாம்.

இந்த ஏற்றங்களில் எனக்குக் கிடைத்த வேலை கடைசி ஆளாக வருவது. ஒருவரையும் முந்தக் கூடாது, எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. மருந்துப் பை என்னிடம். ஒவ்வொரு வளைவிலும் தலை எண்ண வேண்டும். குழுப் பயணங்களில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு விஷயத்தை இங்கிருந்துதான் பார்க்க முடிந்தது. முன்னால் போகிறவர்கள் உட்கார்ந்து காத்திருப்பார்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதாவது, ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இப்போது கடைசி ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் கூட்டம் எழும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பாதியில் திரும்புகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மெதுவாக நடப்பவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்து அவர் வேகத்திலேயே எல்லோரும் நடப்பது இன்னும் நல்லது.

எங்களில் ஓர் அக்கா, தோட்டத்தில் நெடுங்காலம் மரம் சீவியவர், எப்போதும் என் பக்கத்தில் நடப்பார். செங்குத்தான ஓர் இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியபோது, "நிக்காத தங்கச்சி, அடிய சின்னதா வச்சு நடந்துகிட்டே இரு. நின்னா கால் கனத்துப் போயிரும்" என்றார். சின்ன அடி என்ற அந்த ஒரு சொல்லை இன்று வரைக்கும் ஒவ்வொரு ஏற்றத்திலும் பயன்படுத்துகிறேன்.

மேலே பாடாங் தோக் ஷேக் என்ற திறந்த பாறைவெளி இருக்கிறது. அங்கிருந்து யான் பக்கத்து வயல்களும் அதைத் தாண்டிக் கடலும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் லங்காவித் தீவுகள்கூட. நாற்று நட்ட காலத்தில் போனால் கீழே முழுக்கத் தண்ணீரும் பச்சையும், அறுப்புக் காலத்தில் மஞ்சள். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் இந்த மலையை வங்கக் கடல் தாண்டி வந்த பழங்காலக் கப்பல்காரர்கள் அடையாளமாக வைத்துக் கரை சேர்ந்தார்கள். 1025இல் இராசேந்திர சோழன் படை வென்ற கடாரம் இந்தக் கெடாதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். பள்ளியில் படித்த ஊர்ப்பெயரின் மேல் நின்றுகொண்டு கடலைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. இறங்கிய பிறகு, களைப்பு தாங்குமானால், மலையடியில் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் போவோம். அதை ஒட்டி புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. சண்டி என்பது இங்குள்ள பழங்காலக் கோயில். விமானமும் மண்டபமுமாகக் கருங்கல் அடித்தளம் அப்படியே தெரியும். கோயில் அமைப்பு தெரிந்த நம் ஆட்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2013இல் சுங்கை பத்துப் பக்கம் இப்படிப்பட்ட ஒரு சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கிராணி ஐயா ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவது அதனால்தான்.

மலையில் எங்களுக்கு இருக்கும் ஒரே கடுமையான விதி தண்ணீரைப் பற்றியது. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராயில் பெய்த பெருமழையில் ஓடைகள் திடீரெனப் பொங்கி உயிர்கள் போயின. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பது இதைத்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை இறங்கி வந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலே இருந்து இரைச்சல் கேட்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே கரையேறி உயரத்துக்குப் போய்விட வேண்டும். பையைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. உச்சியில் மேகம் கட்டியிருந்தால் நாங்கள் ஓடையில் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும்.

ஆற்றுப் பக்கம்

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் முதல் முறை உட்காருகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: கவிழ்ந்தால்? அதற்குப் பதில் கிடைக்காமல் துடுப்பு பழக்கம் வராது. மெர்போக் ஆற்றில் முதலை பார்த்ததாகப் பேச்சு உண்டு. ஆகவே கவிழ்ந்து ஏறும் பயிற்சியை ஆற்றில் வைப்பதில்லை, அனுமதி வாங்கி நீச்சல் குளத்தில் வைத்துக்கொள்கிறோம். நாங்கள் பயன்படுத்துவது மேலே உட்காரும் வகை, இரண்டு பேருக்கானது. கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை. படகைத் திருப்பிப் போட்டு, ஒருவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, மற்றவர் கால்களை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு படகின் குறுக்கே விழும்படி ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். கைப்பலத்தால் இழுத்து ஏறப் பார்த்தால் படகு மறுபடி கவிழும். உதைதான் ரகசியம். நீச்சல் தெரியாத பெண்கள் உயிர்காப்புச் சட்டையோடு இதைச் செய்து முடித்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உயிர்காப்புச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால் அளவு சரியில்லை. தளர்ந்த சட்டை தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும்.

துடுப்பு போடுவது கை வேலை என்று நினைத்தால் அரை மணியில் தோள் செத்துவிடும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும். இலைப்பகுதி கால்விரல் பக்கம் தண்ணீருக்குள் போய், இடுப்புக்கு நேராக வெளியே வர வேண்டும், அதற்குப் பின்னால் இழுப்பது வீண். பிடி தளர்வாக இருந்தால் உள்ளங்கை கொப்புளிக்காது. முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. பின்னால் உட்கார்ந்தால் படகு இன்னும் இடப்பக்கமே இழுக்கிறது, அதில்தான் இப்போது வேலை செய்கிறேன்.

இனி, நாள் பார்ப்பது. மெர்போக்கின் கீழ்ப்பகுதி முழுக்கக் கடல் ஏறி இறங்கும் ஆறு. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மிக அதிகம், நீரோட்டமும் பலம். வளர்பிறையோ தேய்பிறையோ, அரை நிலாவைத் தாண்டிய ஓரிரு நாட்களில் வித்தியாசம் மிகக் குறைவு. அதாவது அஷ்டமி, நவமி, தசமி. நல்ல காரியம் எதையும் தொடங்காத அஷ்டமியும் நவமியும்தான் புதியவர்களை ஆற்றில் இறக்க ஏற்ற நாட்கள். எங்கள் வீட்டில் அத்தை முதலில் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நாள்காட்டியைக் காட்டி, நிலாவும் கடலும் எப்படி ஒன்றை ஒன்று இழுக்கின்றன என்று சொன்னதும், "அப்போ அமாவாசையில போகாதீங்க, அது போதும்" என்றார். இப்போது குழுவின் ஆற்றுப் பயணங்களுக்குத் தமிழ் நாள்காட்டியைத்தான் முதலில் புரட்டுகிறோம், அப்புறம் பினாங்குக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, ஆற்றுக்குள் வர ஆகும் தாமதத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

வற்றம் ஒரே சீராக இறங்காது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தை மணிக்கணக்காகப் பிரித்தால், மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று போகும். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி தண்ணீர் வடிந்துவிடுகிறது. குறுகலான கிளைக்கால்வாய்களில் இந்தக் கணக்கு தெரியாமல் போனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை நகர முடியாது. ஏற்றத்தின் கடைசி மணியில் உள்ளே போய், வற்றம் தொடங்கியதும் அதோடு திரும்புவது எங்கள் பழக்கம். போகும்போதும் வரும்போதும் ஆறே பாதி வேலையைச் செய்துவிடும்.

அலையாத்திக் காட்டின் உள்ளே போனால் பேச்சு தானாகக் குறைகிறது. மேலே செம்பருந்து வட்டமிடும், சேற்றில் கண் துருத்திய மீன்கள் துள்ளி நடக்கும், நீப்பா என்ற சேற்றுப் பனையின் ஓலைக்குள் குரங்குகள் நண்டு தேடும். பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களின் வேர்கள் வளைந்து வளைந்து இறங்குவதால் படகைக் கரை ஓரம் ஒட்ட முடியாது. தில்லை மரமும் இந்தக் காடுகளுக்கு உரியது, சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளைகளைப் பிடித்துப் படகை நிறுத்த வேண்டாம் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரப்பர் பாலைக் கையாண்டே வளர்ந்தவர்களுக்குப் பால் வடியும் மரத்தைக் கண்டால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் அலை எழுப்பாமல் மெதுவாகப் போக வேண்டும். அது அவர்கள் பிழைப்பு.

ஆற்றிலும் கடைசிப் படகு என்னுடையதுதான். மலையில் பழகியது இங்கும் பொருந்துகிறது: கால்வாய் பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் முன்படகு நிற்கும், கடைசிப் படகு கண்ணில் பட்ட பிறகுதான் திரும்பும். விசில் மூன்று முறை கேட்டால் எல்லோரும் திரும்பி வர வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது படகுகளை ஒன்றோடு ஒன்று பக்கவாட்டில் சேர்த்து, துடுப்புகளைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொள்வோம். அப்படிச் சேர்ந்தால் அவ்வளவு எளிதில் அசையாது. அங்கேதான் அக்கா கொண்டுவரும் நாசி லெமாக் பொட்டலம் கைமாறும். பசியாறிவிட்டுத் திரும்புவோம்.

அடுத்து வற்றத்தோடு செமிலிங்கிலிருந்து கடல் முகம் பக்கம், தஞ்சோங் டாவாய் நோக்கிப் போகத் திட்டம். ஆறு அங்கே அகலம், பகலில் காற்று எழுந்தால் அலை வரும். எனவே குளத்தில் கவிழ்ந்து ஏறும் பயிற்சியை முடித்தவர்கள் மட்டும், தேய்பிறை நவமியை ஒட்டிய ஞாயிறு, துணைக்கு ஒரு மீனவர் படகோடு. அதற்குள் பின் இருக்கையில் படகை நேராக ஓட்டப் பழகிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனி மாலையும் அக்காவை முன்னால் உட்கார வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் முதலில் தோட்டத்து நடைக்கு வாருங்கள். தொப்பி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், சாப்பாடு, அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு, இவை போதும்.