கரும்பு ஏறாத மண்ணில் ஒரு தலைநகர்

வேலை நிமித்தம் பிஜிக்குப் போகிறவர்கள் வெயிலையும் வெண்மணலையும் நினைத்துத்தான் பெட்டி கட்டுகிறார்கள். அதெல்லாம் விமானம் இறங்கும் நாந்திப் பக்கம். தலைநகர் சுவா முதன்மைத் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. கடற்காற்று சுமந்துவரும் மழை முதலில் கொட்டுவது அங்கேதான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். நாந்தியிலிருந்து சாலைவழி நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆகவே இறங்கிய அன்றே கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

செருப்பில் நல்ல பிடிப்பு இருக்கட்டும். மேல்மண் மெலிந்தது; அடியில் ஊரார் 'சோப்ஸ்டோன்' என்னும் களிப்பாறை. நனைந்தால் வழுக்கும், அடைமழையில் சரிவோடு பெயர்ந்துவரும். சுவா தலைநகரானதில் இந்த மண்ணுக்கும் பெரும்பங்கு உண்டு.

கதை கரைக்கு அப்பால் உள்ள நுகுலாவு என்ற குட்டித்தீவில் தொடங்குகிறது. 1849-ல் அமெரிக்கச் சுதந்திர நாள் கொண்டாட்டத்தின்போது, அங்கே ஜான் பிரவுன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அதிகாரியின் வீடு தீப்பற்றியது; பொருள்கள் சூறைபோயின. நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து 40,000 டாலரைத் தாண்டி, பிஜியின் மன்னராகக் கருதப்பட்ட தலைவர் தகோம்பாவின் மேல் விழுந்தன. 1868-ல் மெல்பர்னின் பாலினீசியா கம்பெனி கடனை ஏற்று, ஈடாக நிலம் பெற்றது. சுவாவும் அதில் அடக்கம். குடியேறியவர்கள் பருத்தி போட்டார்கள், விலை சரிந்தது. கரும்பு போட்டார்கள், மண் ஒத்துழைக்கவில்லை. விளையாத நிலம் விலைபோக வேண்டுமானால் அரசாங்கம் அங்கே வரவேண்டும். வணிகர்கள் அதற்காகவே முயன்றார்கள். பழைய தலைநகர் லெவுகாவிலோ மலை கடலோரம்வரை நெருக்கியதால் ஊர் விரிய வழியில்லை. 1882-ல் அரசு சுவாவுக்கு மாறியது.

பெயர்களைக் கவனமாக உச்சரியுங்கள். பிஜி மொழியை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்; அதில் 'சி' (c) என்பது 'த', 'டி' (d) என்பது 'ந்த', 'பி' (b) என்பது 'ம்ப'. எழுத்தைப் பார்த்து வாசித்தால் ஊர்ப்பெயரே மாறிவிடும். கிராமத்துக்குப் போகும் வேலையென்றால் சந்தையின் மாடியில் யங்கோனா வேர்க்கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; 'காவா' என்னும் பானம் தயாரிப்பது இந்த வேரில்தான். அதை முன்வைத்த பிறகே பேச்சு தொடங்கும். தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கிண்ணம் வந்தால் ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்து, பிறகு மும்முறை தட்ட வேண்டும். மிச்சம் வைப்பது முறையல்ல.

ஓர் அரைநாள் தர்ஸ்டன் தோட்டத்து அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள்; நம்மவர் கதையும் அங்கே உண்டு. 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1903-லிருந்து சென்னைக் கப்பல்களும் வந்தன. நோய்த்தடுப்புக்காக அவர்களை நிறுத்திவைத்த இடம் அதே நுகுலாவு. நம் மக்கள் பலர் பிஜியில் முதலில் கால்வைத்தது அந்த மணலில்தான்.