4294967297-ஐக் கையால் உடைத்துப் பார்த்தேன்

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. இது பகா எண் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். இதே அச்சில், 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்; யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1732-இல் கணிதர் ஆய்லர் இதை 641 வகுக்கும் என்று காட்டினார். விடை எனக்கு முன்பே தெரியும். கால்குலேட்டர் இல்லாமல் 641-ஐ எப்படிப் போய்ப் பிடிப்பது என்பதுதான் என் ஆசை.

முதலில் 3, 7, 11 என்று வரிசையாக வகுத்தேன். 100-ஐத் தொடுவதற்குள் கை வலித்தது. வர்க்கமூலமோ 65536-க்குச் சற்று மேல். அதற்குள் 6542 பகா எண்கள். விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆய்லர் வழி. ஒரு பகா எண் இதை வகுத்தால், அதனால் வகுக்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைவு. வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்கின் மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தோடு (ஒற்றைப்படைப் பகா எண் p-ஆல் வகுத்தால் 2-இன் (p−1)-ஆம் அடுக்கின் மீதி 1) இதைச் சேர்த்தால், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தது 64-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைக்க அவருடைய தேற்றமே உதவுகிறது! அப்படிப்பட்ட பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை.

பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம். 65536-இன் மீதியை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டினால் போதும். 193-க்கு 109 மிஞ்சியது, 257-க்கு 2, 449-க்கு 325, 577-க்கு 288. 641-க்கு வந்தேன். 65536-இன் மீதி 154. அதன் வர்க்கம் 23716. 641-ஐ 37-ஆல் பெருக்கினால் 23717. சரியாக ஒன்றுதான் குறைகிறது! தெரிந்த விடைதான், ஆனாலும் அந்த வரியை எழுதியபோது சிலிர்த்தது.

ஈவு காண நீள்வகுத்தல் போட்டேன். 67 வந்ததும் மீதி வெறும் 2. அடுத்த இரண்டு இலக்கங்களை இறக்கினாலும் 641 போகாது, இரண்டு சுழியம் போட வேண்டும். நான் ஒன்றை விட்டுவிட்டு 670417 என்று எழுதிவிட்டேன். திருப்பிப் பெருக்கியபோதுதான் பிடிபட்டது. சரியான ஈவு 6700417.

அது பகா எண்ணா? 2588 வரை பார்த்தால் போதும். பின்னாளில் கணிதர் லூகாஸ் காட்டியபடி 64-க்குப் பதில் 128-ஐயே வைக்கலாம். 257 ஏற்கெனவே தோற்றுவிட்டது. மிஞ்சியவை 641, 769, 1153, 1409. மீதிகள் 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, பகா எண்தான்.

அடுத்தது 64-ஆம் அடுக்கோடு ஒன்று: 18446744073709551617. அதன் சிறிய காரணி 274177. இங்கே 256-இன் மடங்கோடு ஒன்று என்ற வரிசை. அதில் அது 1071-வது. 3, 5, 7-ஆல் வகுபடுபவற்றை அடித்துவிட்டுப் பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன்.