காரணம் எழுதும் கட்டம்

நிர்வாகப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மன்னிப்பில்தான் தொடங்கும். 'தவிர்க்க இயலாத காரணத்தால்', 'கருணை கூர்ந்து', 'பெரிய மனதுடன்'. விதிப்படி தமக்குச் சேர வேண்டியதைக் கேட்பவர்கள் ஏன் இப்படிக் கூனிக் குறுக வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கணக்குப் பிரிவு அம்மா ஒருவரின் படிவம்தான் உறைக்க வைத்தது. காரணம் எழுதும் கட்டத்தில் 'கணவர் உடல்நிலை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார். பேனாவை அழுத்தி அடித்ததில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பக்கவாதம் என்று தெரிந்தால், இனி இவர் அடிக்கடி லீவு போடுவார் என்று முடிவு கட்டிவிடுவார்கள் சார்."

குடும்பத்தினரைப் பராமரிக்கத் தனி விடுப்பு எங்கள் பணி விதிகளில் இருந்தது. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்; ஆனால் யாரும் கேட்காமல் நானாகச் சொன்னதே இல்லை. கேட்கத் தெரியாதவருக்கு அந்த விதி இருந்தும் இல்லாததுதான். அந்தப் பதினோரு ஆண்டுகளில் எத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பினேனோ!

இத்தகைய விடுப்புகள் எதுவும் மேலதிகாரியின் தயவில் வந்தவை அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919-லேயே பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் என்று உடன்படிக்கை கண்டது. 2000-இல் அது 14 வாரமானது. ஊதியத்துடன் கல்வி விடுப்புக்கு 1974-இலும், குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கு 1981-இலும் தனித்தனி உடன்படிக்கைகள் வந்தன. நோயால் சில காலம் வராதிருப்பது பணிநீக்கத்துக்குத் தகுந்த காரணம் ஆகாது என்கிறது 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஏற்று உறுதிசெய்த நாடுகளை மட்டுமே இவை கட்டுப்படுத்தும் என்பது பெரிய குறை. ஆனாலும், காய்ச்சலோடு வந்து மேசையில் தலை சாய்த்துக் கிடந்தவர்களையும், 'படித்து முடித்தால் வேறு இடம் போய்விடுவான்' என்று தேர்வுக்கு விடுப்பு மறுக்கப்பட்ட இளைஞனையும் நினைக்கும்போது, அந்த வரிகளை அன்றே உரக்கப் படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அன்று விதிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சம்பளத்தோடா சார்?"

"ஆமாம்" என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினேன்.