அந்த நேரத்தில் நான் பூன் லேயில் இருந்தேன்

சிங்கப்பூரில் வேகக் கேமராவில் ஒரு கார் சிக்கினால், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் முதல் கடிதம் போகும். ஓட்டியது யார் என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன ஆளின் பெயருக்கு அடுத்த கடிதம் வரும். வாடகைக் கார் என்றால் இந்த இரண்டாவது கடிதம் கைக்கு வருவதற்குள், காரை எடுத்த சங்கதியே பாதி மறந்துபோயிருக்கும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும் திருச்சி விமானம் ஏறி ஊருக்குப் போய், வெகுநாள் கழித்து ஒரு மாலை, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தபால் பெட்டியைத் திறந்தேன். போக்குவரத்துக் காவல்துறையின் கடிதம். தானா மேரா கோஸ்ட் ரோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி வாக்கில், அனுமதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டினேன் என்று இருந்தது. 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம், 4 குற்றப்புள்ளி.

அப்பாவுக்கு மூட்டு வலி. எம்ஆர்டி ரயில் நிலையங்களில் படி ஏறி இறங்க அவரால் முடியாது. இங்கே சொந்தக் கார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். சிஓஇ என்கிற உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தால்தான் கார் வாங்கவே முடியும். அதுவும் 10 ஆண்டுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அதனால் அவர்கள் இருந்தபோது வாடகைக்கு ஒரு கார் எடுத்தேன். நம் ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், வந்த முதல் வருஷமே அடிப்படைத் தேர்வு எழுதி சிங்கப்பூர் உரிமத்துக்கு மாறியிருந்தேன். 50 கேள்வி, 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. இந்தக் குற்றப்புள்ளிக் கணக்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் படித்ததுதான். 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள்.

கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காரைத் திருப்பிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது. ஆனால் கொடுத்தது மாலை நாலு மணிக்கு, காக்கி புக்கிட்டில். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் காரை யார் ஓட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஓட்டவில்லை என்று மட்டும் உறுதியாகத் தெரியும்.

தானா மேரா கோஸ்ட் ரோடு சாங்கிப் பக்கம், தீவின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டிப் போகும் நீண்ட சாலை. விளக்குக்கு விளக்கு நிற்கிற நகரச் சாலை மாதிரி இல்லை என்பதால் இரவில் அங்கே வேகமாகப் போகிறவர்கள் உண்டு. 2018 டிசம்பரிலிருந்து அங்கே சராசரி வேகக் கேமரா இருக்கிறது. சாதாரணக் கேமரா ஓர் இடத்தில் நாம் போகும் வேகத்தைப் பிடிக்கும். அதைக் கண்டதும் பிரேக் போட்டுத் தாண்டிவிட்டு மறுபடி மிதிப்பார்கள். இதில் அது நடக்காது. நுழையும் இடத்தில் ஒரு கேமரா, வெளியேறும் இடத்தில் ஒரு கேமரா. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து வேகத்தைக் கணக்கிடும். கேமரா பொய் சொல்கிறது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அந்தக் கார் அந்த வேகத்தில் போயிருக்கும். உள்ளே இருந்தது நானில்லை, அவ்வளவுதான்.

யாரிடம் சொன்னாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். லண்டனில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் போனில், “மாப்பிள்ளை, 14 நாள் தாண்டிடுச்சுல்ல? கட்டாதீங்க, செல்லாது” என்றார். அவர் சொன்னது பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தில் இருக்கிற விதி. வேகக் குற்றத்துக்கு, ஓட்டுநரை அந்த இடத்திலேயே எச்சரிக்கவில்லை என்றால், வழக்குத் தொடர எண்ணியிருப்பதாக 14 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் லண்டன் விதியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர்க் காவல்துறையிடம் போய் நிற்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அங்கேயே கூட அந்த 14 நாள், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கடிதம் போவதற்கான கணக்கு. முதல் கடிதம் வாடகை நிறுவனத்துக்கு நேரத்தில் போய்விட்டால், வாடகைக்கு எடுத்தவருக்கு அது இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அந்த வாதம் நிற்காது. இதைச் சொன்னபோது மச்சானே கொஞ்சம் யோசித்தார்.

என்னோடு வேலை பார்க்கிற மன்னார்குடித் தம்பி வேறு பக்கம் இழுத்தார். “150 வெள்ளிதானே அண்ணே, கட்டிட்டு நிம்மதியா இருங்க. வேலை பாஸ்ல இருக்கிற ஆளுக்கு வம்பு எதுக்கு?” என்றார். இந்தப் பேச்சுதான் என்னை உறுத்தியது. நம்மவர்களில் எத்தனை பேர் இப்படிக் கட்டியிருப்பார்கள்? பாஸ் புதுப்பிக்கும்போது கேள்வி வருமோ, நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தால் இதைப் பார்ப்பார்களோ என்கிற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிவிட்டால் நான் ஓட்டினேன் என்று ஆகிவிடும். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். செய்யாத ஒன்று என் பெயரில் ஏறுவதை நான் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? எதற்குப் பயந்து கட்டச் சொன்னாரோ, அதே காரணத்துக்காகத்தான் கட்டக்கூடாது என்று பட்டது.

தாமதத்தால் எனக்கு வந்த கஷ்டம் நாள் கணக்கில் இல்லை. சாட்சி மறைந்துபோவதில்தான் இருந்தது. வாடகை நிறுவனத்துக்கு போன் போட்டேன். காரை விட்ட இடத்தில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதே, அன்று மாலைப் பதிவைப் பாருங்கள் என்றேன். அதெல்லாம் அழிந்து அதன்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது என்றார்கள். அன்று காரை வாங்கிக்கொண்ட பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். அவர்கள் கணினியிலோ மறுநாள் திங்கட்கிழமை காலைவரை கார் என் பெயரில் இருந்தது. ஞாயிறு மாலை அலுவலகத்தில் ஆள் இல்லாததால் கணக்கை மறுநாள் முடித்திருக்கிறார்கள். முதல் கடிதம் வந்ததும் அந்தக் கணக்கைப் பார்த்து என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டியவர் யார் என்று கெடுவுக்குள் சொல்லாவிட்டால் உரிமையாளரே ஓட்டியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதால், யார் பெயரையாவது கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. அது போதாதென்று, என் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்பியதற்கு ஒரு நிர்வாகக் கட்டணத்தையும் என் கடன் அட்டையில் எடுத்திருந்தார்கள்.

கடிதம் ஒரு வாரத்தில் வந்திருந்தால் அந்தப் பையனும் இருந்திருப்பான், கேமராப் பதிவும் இருந்திருக்கும். இப்போது நான்தான் நிரூபிக்க வேண்டும்.

நல்ல வேளையாக, முன்பணத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று காரை விடும்போது நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தேன். கீறல் எதுவும் என் தலையில் விழக்கூடாது என்றுதான் எடுத்தது. கடைசிப் படம் டாஷ்போர்டு. பெட்ரோல் முள் நிறைந்திருக்கிறது, மொத்தம் ஓடிய கிலோமீட்டர் தெரிகிறது, மூலையில் மணி 4:07. கைப்பேசியும் அதே நேரத்தைப் பதிந்திருந்தது. அப்புறம் அந்தப் பையன் கொடுத்த ரசீது. பணப்பையில் மடங்கி, மையெல்லாம் மங்கிக் கிடந்தது. கார் எண், நேரம், கிலோமீட்டர், கீழே அவன் கையெழுத்து. படத்தில் இருந்த கிலோமீட்டரும் ரசீதில் இருந்த கிலோமீட்டரும் ஒன்றாகவே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மனைவி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸிலும் எம்ஆர்டியிலும் நாங்கள் வங்கி அட்டையைத்தான் தட்டுவோம். சிம்பிளிகோ என்கிற பயணக் கட்டணச் செயலியில் எந்த அட்டை எங்கே எத்தனை மணிக்குத் தட்டப்பட்டது என்று இருக்கும். அன்று மாலை காக்கி புக்கிட் நிலையத்தில் ஏறி, பூகிஸில் மாறி, பூன் லேயில் இறங்கியிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பூன் லே பேருந்து முனையத்தில் மறுபடி ஒரு தட்டு. அங்கேயே ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதியில் அப்பாவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறிய நேரம் அது. பூன் லே மேற்குக் கோடி. கடிதம் சொல்லும் சாலை கிழக்குக் கோடி. அட்டையை வேறு யாராவது தட்டியிருக்கலாம் என்று கேட்கலாம்தான். ஆனால் படம், ரசீது, பயணப் பதிவு என்று மூன்றும் ஒரே கதையைச் சொல்லும்போது சந்தேகப்படுவது கஷ்டம்.

சிங்பாஸ் என்கிற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக உள்ளே போனால் காவல்துறைக்கு இணையத்திலேயே முறையீடு எழுதலாம். நான் எழுதியது சின்னக் கடிதம்தான். முதல் வரைவில் கோபம் நிறைய இருந்தது. தாமதம், அநியாயம், நிறுவனத்தின் அலட்சியம் என்று ஒரு பக்கம் போயிருந்தது. மனைவி படித்துவிட்டு, “இதுல நீங்க ஓட்டலைன்னு எங்க இருக்கு?” என்று கேட்டாள். சரி என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காரை எத்தனை மணிக்கு எங்கே விட்டேன், அதற்கு என்ன ஆதாரம், குற்றம் நடந்த நேரத்தில் எங்கே இருந்தேன், அதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் எழுதினேன். ஓட்டியது யார் என்று ஊகம் எதுவும் சொல்லவில்லை. ஓட்டியவர் பற்றிப் பொய்யான தகவல் கொடுப்பது இங்கே பெரிய குற்றம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் புள்ளியைத் தன் பெயரில் ஏற்றிக்கொண்டவர்கள் சிறைக்குப் போன செய்திகள் வந்திருக்கின்றன. தெரியாததைத் தெரியாது என்று விடுவதுதான் சரி.

முறையீடு போட்ட கையோடு அதே ஆதாரங்களை எடுத்துக்கொண்டு வாடகை நிறுவனத்துக்கும் நேரில் போனேன். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அரசு நீதிமன்றத்துக்குப் போகவும் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. ஆங்கிலம் வராதே என்று நினைத்துக் கட்டிவிடுகிற நம் தொழிலாளர்களுக்கு இது தெரிய வேண்டும். நாம் பேசுவதை நம் மொழியிலேயே கேட்கிற இடம் அது.

அவ்வளவு தூரம் போகவில்லை. நிறுவனத்து மேலாளர் ரசீதைக் கையில் வாங்கி, கிலோமீட்டரைத் தன் கணினியோடு ஒத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மறுநாள் காலை கணக்கு முடித்தபோது பதிந்த கிலோமீட்டர், ரசீதில் இருந்ததைவிட அதிகம். அதாவது ராத்திரி யாரோ காரை எடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் வாதாடவில்லை. தவறான பெயரைக் கொடுத்துவிட்டதாகக் காவல்துறைக்கு எழுதுகிறேன் என்றார், எழுதினார். கொஞ்ச நாளில் என் பெயரில் இருந்த அறிவிப்பு ரத்தானதாகப் பதில் வந்தது.

நிர்வாகக் கட்டணத்துக்குத்தான் இழுத்தடித்தார்கள். ஒப்பந்தத்தில் திருப்பித் தர முடியாது என்று இருக்கிறதாம். ஓட்டாதவனிடம் எதற்குக் கட்டணம் என்று கேட்டேன். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, நம் வழக்கை நாமே சொல்ல வேண்டும், இந்த அளவுக் கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே போகப்போகிறேன் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த மாத அட்டைக் கணக்கில் பணம் திரும்பியிருந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு மன்னார்குடித் தம்பி தனக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பெனி லாரி. அதுவும் கம்பெனி வழியாகத் தாமதமாகத்தான் வந்திருந்தது. விரைவுச்சாலையில் லாரிக்குக் காரின் வேகம் கிடையாது, அதைத் தாண்டியிருக்கிறது. எனக்கு எழுதிய மாதிரியே தனக்கும் ஒரு முறையீடு எழுதித் தரச் சொன்னார்.

“தம்பி, அந்த நேரத்துல லாரி யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டதாண்ணே.”

“அப்போ கட்டிடுங்க. கடைசித் தேதி தாண்டினா கோர்ட்டுக்குப் போகணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கட்டினார்.