கோட்டை மதிலை வோட்டர் கலரில் வரையப் பழகுவோருக்கு

இயற்கையையும் உணர்ச்சியையும் பெரிதாகக் காட்டும் ரொமான்டிக் பாணியில் இடிபாட்டு நிலக்காட்சி வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கல்லில்தான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு வெடிப்பையும் பென்சிலால் கீறிவிட்டு, மிஞ்சிய இடத்தில் வானத்தைப் பூசுகிறார்கள். வோட்டர் கலரில் அது சரிவராது. வானமும் ஈரக்காற்றும் முதலில் வரவேண்டும், மதில் அதற்குள்ளிருந்து எழவேண்டும். மட்டக்களப்பில் நானாகப் பழகியதில் உண்மையில் கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மற்றவர் படத்தைப் பார்த்து வரையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேய ஓவியர்களான டர்னரும் கேர்ட்டினும் இளவயதில் லண்டனில் மன்றோ என்ற வைத்தியர் வீட்டில் மற்றவர்களின் படங்களைப் பிரதிசெய்துதான் பழகினார்கள். கேர்ட்டின் கோடு போட, டர்னர் அதன்மேல் வர்ணம் பூசுவாராம். 1792இல் டர்னர் வேல்ஸிலுள்ள டின்டர்ன் மடாலயத்துக்குப் போனார். அந்த இடிபாட்டை வைத்து அவர் செய்த நீர்வர்ணப் படங்கள் இணையத்தில் தெளிவாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, கபிலம் மட்டும் வைத்து வரைந்து பாருங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று படி போதும். இது கைக்கு வரும்வரை மற்ற நிறங்களைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டைக்குப் போகலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. உள்ளே நெடுங்காலம் அரச அலுவலகங்கள் இயங்கியதால் முழு இடிபாடு என்று சொல்ல முடியாது. வாவிப்பக்க மதிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மதிலின் மேல்விளிம்பு நேர்கோடாக ஓடினால் படம் செத்துவிடும். ஆங்கிலேய எழுத்தாளர் வில்லியம் கில்பின் 1782இல் வெளியிட்ட பயண நூலில், டின்டர்னின் முகட்டுச் சுவர்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றன, ஒரு கொட்டாப்புளியைப் பக்குவமாகப் பாவித்தால் நல்லது என்று எழுதினார். குறும்புக்கார மனிசன்! நிஜ மதிலில் கைவைக்காமல், தாளில் இரண்டு இடத்தில் உடைத்துவிடுங்கள்.

இனி ஈரம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளின் மேல்பாதியை நனைத்து, பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். தண்ணீர் குளம்போல மினுங்கினால் பொறுங்கள். பளபளப்பு மங்கத் தொடங்கும் அந்தச் சொற்ப நேரத்தில்தான் முகிலை வைக்க வேண்டும். பிந்தினால் புதுத்தண்ணீர் பழைய வர்ணத்தைத் தள்ளிப் பூக்கோவாபோலக் கறை போடும். காய்ந்த கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்த நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் விடியப்புறமே வரையுங்கள். மாரியில் எதிர்ப்பிரச்சினை: தாள் காயவே காயாது. ஹெயார் டிரையர் பிடிப்பதில் பாவமில்லை.

கல்லுக்கு அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செங்கபிலமும் கலந்தால் போதும். நீலம் கூடினால் நிழல், கபிலம் கூடினால் வெயில் பட்ட பக்கம். கறுப்பு டியூப்பைத் தொடாதீர்கள், மதில் கரி பூசியதுபோல் ஆகிவிடும். பிரஷைத் துணியில் ஒற்றி, படுக்கவைத்து, சொரசொரப்பான தாளில் விரைவாக இழுங்கள். மேடுகளில் மட்டும் வர்ணம் பிடித்து, பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். அரித்த கல்லின் முகம் அப்படியே வந்துவிடும். தூரத்து மரங்களுக்கு அதே கலவையில் தண்ணீரைக் கூட்டினால் சரி.

கடைசியாக, வாவியில் ஒரு தோணிக்காரர். அவர் மதிலின் உயரத்தைக் காட்டத்தான் வருகிறார். ஒரு புள்ளி, கீழே ஒரு சிறு இழுப்பு போதும், கண் மூக்கு வேண்டாம்.